ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவது

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை கேபிள் சுருட்டியது. மதுரை கே.கே. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசல். முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, வாசலில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். ஜெயபாண்டி தரையில் குந்தி உட்கார்ந்து கேபிளைக் கைக்கு இழுத்து வட்டம் வட்டமாக அடுக்கினார். நாகஜோதி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முறுக்கு விழாமல் திருப்பிவிட்டபடி அவரை நோக்கி நடந்து வந்தாள். மின்பொறியியல் படித்தவள். சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. லீவில் வந்தால் ஒரு நாளாவது அப்பாவோடு வண்டியேறிவிடுவாள்.

பாதி சுருட்டியபோது அவர் கேட்டார். "ஏத்தா, அந்தத் தெக்குமூலைப் பயலுக பாட்டு இப்பச் சினிமாவுல வந்துருக்குல்ல. பழசு நல்லாருக்கா, புதுசு நல்லாருக்கா?"

"புதுசுலதாம்ப்பா சுத்தமாக் கேக்குது" என்றாள்.

"ம்" என்றார். மறுபடி கேபிளை இழுத்தார்.

அவள் சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதன்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஜெயபாண்டிக்குச் சொந்த ஊர் செக்கானூரணிக்கு மேற்கே. கிணறு கைவிட்ட வருஷம் மதுரைக்கு வந்து மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சேர்ந்தார். பிறகு ஒரு பழைய டீசல் இன்ஜினை வாங்கினார். அதோடு ஒரு டைனமோவைச் சேர்த்து மினி லாரியில் ஏற்றி வாடகைக்கு விட்டார். நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் ஊரே வெந்துகொண்டிருந்த வருஷங்களில் அவருக்கு நிற்க நேரமில்லை. மின்வெட்டைத் திட்டாத ஒரே ஆள் மதுரையில் அவர்தான் என்று அவர் மனைவி அன்னக்கொடி சொல்வாள்.

ஜெனரேட்டர்காரருக்கு விசேஷ வீட்டில் உள்ளே வேலை இல்லை. தெருமுக்கில், மதிலுக்கு அந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி நிறுத்துகிறாரோ அவ்வளவுக்கு நல்ல பெயர். சத்தம் மண்டபத்துக்குள் கேட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதனால் ஜெயபாண்டி மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நீளத்துக்குக் கேபிள் வைத்திருந்தார். எத்தனையோ கல்யாணத்துக்கு வெளிச்சம் கொடுத்தவர் ஒரு தாலிகட்டைப் பார்த்ததில்லை. ஆனால் எப்போது கட்டுகிறார்கள் என்பது தெரியும். வீடியோக்காரர்கள் விளக்கையெல்லாம் ஒன்றாகப் போடுவார்கள். இன்ஜின் கொஞ்சம் திணறும். "கட்டிட்டாக" என்பார்.

பாட்டும் அப்படித்தான். ஊரில் நடந்த பல கச்சேரிகளுக்குக் கரண்ட் அவருடையது. அவர் காதில் விழுந்தது இன்ஜின் மட்டும்.

தெக்குமூலை என்பது நாலு பேர் சேர்ந்த பாட்டுக்குழு. பாடுகிறவன் பாலமுரளி, தெற்குமாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். சினிமாப் பாட்டைத் தொடாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கூப்பிட்ட இடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். வண்டியூர் தெப்பக்குளக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்த அவர்களுடைய கச்சேரிக்கு ஜெயபாண்டியின் ஜெனரேட்டர் போனது. அன்றைக்கு மட்டும் அது மேடைக்குப் பின்னாலேயே நின்றது. கேபிள் எட்டவில்லை என்று சொன்னார்.

அன்று பதிவாகி இணையத்தில் ஏறிய ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பெயர் 'திருமங்கலம் பஸ்'. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவனின் பாட்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதன் அடியில் ஒரு டுடுடுடு ஓடும். கேட்டவர்களுக்கு அது நிற்காமல் போன பஸ். ரசிகர்கள் அதற்கு டீசல் தாளம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று விசாரித்து ஷெட்டுக்கே வந்துவிட்டார்கள். இன்ஜின் மேல் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெயபாண்டியைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அவர் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்வார். வேறு எதுவும் எழுதியதில்லை.

பிறகு ஒரு பெரிய கம்பெனி அந்தப் பாட்டைச் சினிமாவுக்கு வாங்கியது. புதிதாகப் பதிவு செய்தார்கள். டுடுடுடு காணாமல் போனது. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைந்தது.

பழைய பாட்டுதான் பாட்டு என்ற கட்சிக்குத் தலைவர் சிவக்குமார். பசுமலையில் செல்போன் ரிப்பேர் கடை. இன்னொரு கட்சிக்கு ரம்யாஸ்ரீ, வங்கியில் வேலை. இருவருமே தெக்குமூலையின் முதல் கச்சேரியிலிருந்து கேட்பவர்கள். சிவக்குமாரின் கடைவாசல் டீ பெஞ்சில் அவர்கள் போட்ட சண்டையை அந்தத் தெருவே கேட்டது.

"பாட்டு பஸ்ஸ விட்டவனப் பத்தி. படத்துல ஹீரோ அம்பது பேரக் கூட்டிக்கிட்டு ஆடுறான். அம்புட்டுப் பேரோட நிக்கிறவனுக்கு எதுக்குங்க பஸ்ஸு? வித்துட்டானுங்க, அம்புட்டுத்தான்."

"பஸ்ஸ விட்டவன் பாட்டுப் பாடி ஒரு கார் வாங்கக் கூடாதா?"

"வாங்கட்டும். கார்ல உக்காந்துக்கிட்டு பஸ்ஸப் பத்திப் பாடாம இருக்கட்டும்."

"அப்ப நீங்க ஏண்ணே புல்லட்ல போறீங்க?"

சண்டை முற்றிக் குழுவில் பலர் வெளியேறிய மறுநாள் காலையிலும் ஜெயபாண்டி ரோஜாப்பூ போட்டார். அவர் தங்கள் பக்கம் என்று இரண்டு கட்சியும் முடிவு செய்துகொண்டன.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இருவரும் வந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் நாகஜோதியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். தெப்பக்குளக் கரையில் அண்ணன் நினைவாக ஒரு கச்சேரி. தெக்குமூலையே வந்து பாடுகிறது. அண்ணனின் ஜெனரேட்டர்தான் ஓட வேண்டும். இதுவரை இருவருக்கும் ஒரே கருத்து. அதற்கு மேல் இல்லை. அன்றுபோல மேடைக்குப் பின்னாலேயே நிறுத்த வேண்டும், சத்தம் எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றார் சிவக்குமார். அந்தச் சத்தத்தை நினைத்து அண்ணன் கூசிப்போனார், தன்னிடமே இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறார், தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்றாள் ரம்யாஸ்ரீ.

"வண்டி ஒங்களுது ஜோதி. நீங்க எங்க நிறுத்தச் சொல்றீங்களோ, அங்க" என்று இருவரும் எழுந்தார்கள்.

நாகஜோதிக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. அப்பாவுக்காக அவள் செய்யப்போகும் ஒரே காரியம் இது. அதைத் தப்பாகச் செய்துவிடக் கூடாது. அவருக்கு அந்தச் சத்தம் பிடித்ததா, பிடிக்கவில்லையா?

தெரிந்த வழியில் ஆரம்பித்தாள். இரண்டு பாட்டையும் மடிக்கணினியில் போட்டு அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்த்தாள். புதியதில் இன்ஜின் இருந்த இடம் துடைத்த மாதிரி இருந்தது. பழையதில் அது ஒரு கோடாக ஓடியது. ஆனால் நேர்க்கோடாக இல்லை. டிரம் ஓங்கி விழும் இடமெல்லாம் கோடு லேசாக இறங்கி மறுபடி ஏறியது. ஸ்பீக்கர் அதிகம் இழுத்தால் சின்ன இன்ஜின் தணியும், பிறகு சுதாரிக்கும். ஆக, இன்ஜின் பாட்டோடு சேர்ந்தே போயிருக்கிறது. தாளம் என்று ரசிகர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்விக்கு அது பதில் இல்லை.

அம்மாவைக் கேட்டாள். "அந்தப் பாட்டத்தான் தெனமும் போடுவாரு. வேற பாட்டே கெடையாது. ஆனா மூஞ்சிய மட்டும் சுளிச்சுக்குவாரு" என்றாள் அன்னக்கொடி. எந்தப் பாட்டு, பழையதா, புதியதா? அது அம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

லாரி ஓட்டும் மருதுவைக் கேட்டாள். அவர் பதினைந்து வருஷமாக அப்பாவுடன் இருந்தவர். தெப்பக்குளக் கச்சேரிக்கு எந்தக் கேபிளைக் கொண்டு போனீர்கள், ஏன் எட்டவில்லை என்று கேட்டாள். மருது துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேபிள் அம்புட்டும் வண்டியிலதான் கெடந்துச்சு பாப்பா. எறக்கவே இல்ல. எட்டலன்னு அண்ணன் சும்மா சொன்னாரு."

"ஏன்?"

"கேக்கணும்னு. பயலுக மேடைய டெஸ்ட் பண்றப்ப ரெண்டு வரி பாடுனாய்ங்க. அண்ணன் அப்படியே நின்னுட்டாரு. 'ஒரு நாளைக்குப் பக்கத்துல போட்டுக் கேட்டாத்தான் என்னடா'ன்னாரு. போட்டாச்சு. இஞ்சின ஓட்டுனா, பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன கேக்கும்? அப்புறம் அந்தப் பாட்டு எல்லா எடத்துலயும் வந்துச்சுல்ல, அப்பச் சொன்னாரு. 'நானும் கேக்கல, மத்தவனையும் கேக்க விடல'ன்னாரு."

நாகஜோதிக்கு இப்போது விளங்கியது. ரசிகர்கள் பஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தது, பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட ஒரு மனிதரின் அவசரம். அது அவருக்குக் கூச்சம். சரி, தள்ளி நிறுத்துவோம் என்று முடிவுக்கு வந்தாள். ஏறக்குறைய.

கச்சேரிக்கு முந்திய ஞாயிறு காலை வண்டியூர் ஷெட்டில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்க ஏற்பாடானது. அப்பா போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. சிவக்குமார் வந்தார். செல்போனில் பதிவு செய்யத் தயாராக நின்றார். ரம்யாஸ்ரீ வந்தாள். பாலமுரளியும் வந்தான். சிவக்குமார் அவனைப் பார்த்து, "வாங்க சார், கார் எங்க" என்றார். "பஸ்ல வந்தேன்ணே" என்றான் பாலமுரளி. உண்மையில் பஸ்ஸில்தான் வந்திருந்தான்.

மருது சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. விளக்கு எரிந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை. வந்தது, ஆனால் அது அந்தச் சத்தம் இல்லை. வயிறு நிறைந்த மாடு அசைபோடுவதுபோல ஒரு முனகல். நின்று பேசலாம் போலிருந்தது.

நாகஜோதி பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். புகைக்குழாயில் புது சைலன்சர். வெல்டிங் இன்னும் கறுக்கவில்லை. இன்ஜினுக்கு அடியில் நாலு மூலையிலும் புது ரப்பர். அப்பாவின் கடைசி வாரத்தில் மருது ஊருக்குப் போயிருந்தார், அவருக்கும் தெரியாது. தண்ணீரடித்துக் கழுவி, மூடிக்குப் பெயின்ட்கூட அடித்திருந்தார் ஜெயபாண்டி.

"எதுக்கு இப்படிப் பண்ணாரு?" என்றார் சிவக்குமார். அழுதுவிடுவார்போல இருந்தது.

பாலமுரளிதான் சொன்னான். சினிமாவில் சத்தத்தை எடுத்ததில் தங்களுக்கும் வருத்தம். ஆனால் தாங்களே வெளியிடும் தொகுப்பில் பாட்டை மறுபடி முழுசாகப் பாடுகிறோம் என்று கம்பெனியிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். பசுமலையில் வாடகைக்கு எடுத்த அறையில் பதிவு. அதற்கு ஜெனரேட்டரையே கொண்டுவரச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருந்தான்.

"அவருக்கு அம்புட்டுச் சந்தோசம்க்கா. 'பதிவுக்கா, வாரேன் தம்பி, வியாழக்கெழம வாரேன். இப்படியே கொண்டாந்தா நல்லாருக்காது, சுத்தம் பண்ணிக் கொண்டாரேன்'னாரு. வண்டியக் கழுவிட்டு வருவாருன்னு நான் நெனச்சேன்."

ரம்யாஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியாது. சிவக்குமார் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாருங்க மேடம்" என்றார். முதல் தடவையாக ரம்யாஸ்ரீ அவரோடு ஒத்துப்போனாள்.

பழசா, புதுசா என்று அப்பா யாரிடம் கேட்டார், சுத்தமாகக் கேட்பது புதுசு என்று யார் சொன்னது என்பது நாகஜோதிக்குத் தெரியும். இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அதிர்வு கைக்கு வரவே இல்லை. வேலையை நன்றாகத்தான் செய்திருந்தார்.

"மேடைக்குப் பின்னாடியே போடுங்க மருதண்ணே. ஒட்டியே போடுங்க" என்றாள்.

தெப்பக்குளக் கரையில் அப்படியே போட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் டீசல் தாளத்துக்காக வந்தவர்கள். பாட்டு தொடங்கியதும் வாயால் டுடுடுடு போட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து பதில் வராததால் நிறுத்திக்கொண்டார்கள். பாலமுரளியின் குரல் தண்ணீரைத் தாண்டி மைய மண்டபம் வரை போய் வந்தது. நாகஜோதி ஜெனரேட்டரில் சாய்ந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

முடிந்ததும் சிவக்குமார் வந்து பாட்டு மொட்டையாக இருந்தது என்றார். ரம்யாஸ்ரீ, தான் இன்றுதான் முழுசாகக் கேட்டதாகச் சொன்னாள். இருவரும் அதைப் பேசிக்கொண்டே வண்டி எடுக்கப் போனார்கள்.

பசுமலைப் பதிவு அப்படியே நிற்கிறது. பாலமுரளி மறுபடி போன் செய்தான். இரைச்சலோ, முனகலோ, அண்ணன் வண்டி வந்தால் போதும் என்றான். மருது பழைய சைலன்சரை விசாரித்து வைத்திருக்கிறார். வெல்டிங் பட்டறைக்காரர் அதை இன்னும் பழைய இரும்புக்குப் போடவில்லையாம், ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாமாம். எதை மாட்டிக்கொண்டு போவது என்று கேட்கிறார். நாகஜோதி லீவை நீட்டியிருக்கிறாள். அப்பா சொன்ன வியாழக்கிழமை போய், அதற்கடுத்த வியாழக்கிழமைகளும் போய்விட்டன. பசுமலைக்குப் போக வேண்டிய வண்டி ஷெட்டில் நிற்கிறது.