தெருப்பக்கம் திரும்பிய ஒலிபெருக்கி

நகராட்சிக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைக்க வருபவரை ‘மைக் செட்காரர்’ என்றே அறிவேன். கட்டம்போட்ட கைலி, காதிடுக்கில் ஒரு திருப்புளி. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கமாட்டார். மெல்ல ஊதியே சோதிப்பார்.

தொண்ணூறுகளில் ஒரு நாள், எங்கள் தெருவின் ஒரே பொதுக்குழாயை அகற்றும் தீர்மானம் மன்றத்துக்கு வந்தது. பார்வையாளர் பகுதியில் நான் முன்னதாகவே அமர்ந்துவிட்டேன். குடங்களோடு வந்த பெண்களை, இடமில்லை என்று வாயிலிலேயே நிறுத்திவிட்டனர்.

எழுத்தர் வழக்கம்போலத் தீர்மானத்தை முணுமுணுத்து முடித்தார். தலைவர் நிமிராமலே, “ஆல் பாஸுங்களா?” என்று ஒப்புதல் கேட்டார்.

“இல்லீங்கோ!” என்று தெருவே அதிர்ந்தது. குடங்கள் முழங்கின. “ஏனுங்க சேர்மனய்யா, நாளையிலிருந்து தண்ணிக்கு உங்க ஊட்டுக்கே வந்துபோடறோமுங்க!” என்றது ஒரு குரல். உறுப்பினர்களே சிரித்துவிட்டார்கள்.

சன்னலில் இருந்த ஒலிபெருக்கி தெருவைப் பார்த்திருந்தது.

“யாருப்பா அதை அந்தப் பக்கம் திருப்புனது?” என்றார் தலைவர்.

“நாந்தானுங்க. உள்ள இருக்கறவங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களே. தெரியாதவங்க பக்கமாத் திருப்பி வெச்சேனுங்க” என்றார் மைக் செட்காரர்.

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அவர் ஒலிவாங்கியை மெல்ல ஊதினார், தெரு ஆரவாரித்தது. அடுத்த கூட்டத்துக்குத் தம்மை அழைக்கமாட்டார்கள் என்பதை அறியாதவரா அவர்? அப்படியிருந்தும் எப்படி அவ்வளவு மலர்ச்சியாகச் சிரித்தார்?