தள்ளி நின்று எடுத்த படம்

தனியாக ஊர் சுற்றுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எங்கே நின்றாலும் தன் மூஞ்சியையும் சேர்த்துத்தான் படம் எடுப்பான். இத்தாலியின் பலெர்மோவில் தேவாலயம், கடல், மீன்கடை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் நின்றேன்.

போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால், சுவரில் ஒட்டியிருந்த இத்தாலிய மரண அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் போஸ்டர். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துகளுக்குக் கீழே மீசை வைத்த ஒருவரின் முகம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வாசித்துவிட்டுத்தான் செய்தேன். மதுரையில் தினமும் இப்படி நாலு போஸ்டரைக் கடந்து டீ குடிக்கப் போகிறவன் நான். இங்கேயும் தமிழா என்ற குஷியில், இரண்டு விரலைக் காட்டிச் சிரித்து ஒரு செல்ஃபி எடுத்தேன்.

போனை இறக்குவதற்குள் பக்கத்து வாசலிலிருந்து கறுப்பு உடையில் ஒரு பெண் வந்தார்.

“தம்பி, தமிழோ? செத்தவீட்டுக்கு வந்தனீங்களோ? அவர் என்ரை மனுசன்.”

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

“நீங்கள் எடுத்த படத்தை எனக்கும் அனுப்புங்கோ. மன்னாரிலை மாமி பாக்கோணும் எண்டு அழுறா.”

கையை நீட்டிப் போனை வாங்கினார். திரையில் என் பல்லும் இரண்டு விரலும். என் தலைக்குப் பின்னால் அவர் கணவரின் பாதி முகம். திட்டியிருந்தால் தேவலை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, தம்பி,” என்றார். “அவரை மட்டும் எடுப்பம்.”

அவரே எடுத்தார்.

பலெர்மோவைப் பார்த்தேன் என்று சொல்ல எடுத்த அத்தனை படங்களில் உதவுகிற ஒரே படம் அதுதான். அதில் மட்டும்தான் நான் இல்லை.