நேர்ந்துவிட்ட சேவலின் கால்

எனக்கு அதற்குமுன் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன செய்தி போனில் போன அன்றே, அம்மா முனியப்பனுக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் சேலத்துக் கோயிலில் கொண்டுபோய் அறுப்பதாக வேண்டுதல். புனேயில், வானவடியில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அம்மா நாலைந்து நாட்டுக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொண்டை முளைக்கத் தொடங்கியிருந்த ஒரு குஞ்சைப் பிடித்துக் காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். சாமிக்கு விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், கோயில் வாசலில்தான் அவிழ்க்க வேண்டும். புனே மழையில் நூல்கயிறு நைந்துபோகும் என்று நைலான் கயிற்றில் மஞ்சள் பூசிக் கட்டியது அம்மாவின் முன்யோசனை.

வளைகாப்பு முடிந்து நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது குஞ்சு முழுச் சேவலாகியிருந்தது. கூடவே நொண்டிக்கொண்டும் இருந்தது. கேட்டதற்கு, முள் குத்தியிருக்கும் என்று அம்மா பேச்சை மாற்றினாள். அடுத்த வாரம் அது நாலடி நடந்து உட்கார ஆரம்பித்தது. சிமெண்டுத் தரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா சாக்கை விரித்துவிட்டார். பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, இது லக்வா, வாதம், இனி எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு அம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

சாமிக்கு விட்ட உயிரில் ஊனம் இருக்கக் கூடாது. இருந்தால் வேண்டின பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அந்தச் சமயம் பார்த்து என் கால்களும் வீங்கியிருந்தன. காலையில் காபி கொண்டுவந்தால் முதலில் என் காலைப் பார்ப்பாள், பிறகு பின்கதவு வழியாக அந்தச் சேவலைப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன கோழியா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பயத்தைக் கோபமாகக் காட்டுவது என் பழக்கம்.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அப்பா சொன்னதற்கு, நேர்ந்துவிட்டதில் அந்நியர் கை படக்கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அப்பாவையும் தொட விடவில்லை. சேவலைக் கூடை போட்டு மூடிவைத்து, அவளே தண்ணீர் காட்டினாள், அவளே வேப்பெண்ணெய் தடவினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று எனக்கு உத்தரவு.

ஒரு மத்தியானம் அம்மா முன்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கூடைக்குள் றெக்கை படபடவென்று அடித்தது. போய்த் தூக்கினேன். சேவல் எழ முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மடியில் வைத்துக் காலில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்தேன். வாடை குமட்டியது. கயிற்றைக் காணோம். முடிச்சின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது, மற்றதெல்லாம் சதைக்குள் புதைந்திருந்தது. கயிற்றுக்குக் கீழே பாதம் வீங்கிச் சில்லிட்டிருந்தது. குஞ்சின் குச்சிக் காலுக்குக் கட்டியது. கால் பருத்துவிட்டது, நைலான் அசைந்து கொடுக்கவில்லை. வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தால் அம்மா ஈரத்துணியோடு நின்றிருந்தாள்.

"கயிறும்மா. கயிறுதான் அறுக்குது."

"தெரியும். அந்தம்மா வாதம்னு சொன்னாளே, அன்னிக்கே பாத்துட்டேன்."

பார்த்துவிட்டு இத்தனை நாளும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு உயிரை இப்படி வதைத்துத்தான் எனக்குப் பிள்ளை பிறக்க வேண்டுமா, அப்படிப்பட்ட பிள்ளை எனக்கு வேண்டாம் என்று கூடச் சொல்லிவிட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாத கண்ணு. வேண்டுதல் முடியறதுக்குள்ள அவுத்து, உன் வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நான் உள்ளே போய் அப்பாவின் சவர பிளேடை எடுத்துவந்து கீழே உட்கார்ந்தேன். முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்ததும் சேவல் துடித்தது. அந்தக் கணத்தில் கலைந்துபோன இரண்டும்தான் நினைவுக்கு வந்தன. வெட்டினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. வெட்டக் கை வரவில்லை.

அம்மா என் பக்கத்தில் குந்தி, மணிக்கட்டைப் பிடித்துப் பிளேடை வாங்கிக்கொண்டாள்.

"நீ வெட்டாத. வர்றது எனக்கு வரட்டும்."

நான் சேவலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் சதையை விலக்கி, சிறிது சிறிதாக அறுத்து, கயிற்றை வெளியே எடுத்தாள். புண்ணில் மஞ்சளை வைத்துக் கட்டினாள். அதன் பிறகு சேவல் நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தது. ஆனால் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை அசைகிறதா, அசைகிறதா என்று மணிக்கொருதரம் கேட்டாள். நானும் எரிந்து விழாமல் அவள் கையை எடுத்து வயிற்றில் வைத்துக் காட்டினேன்.

வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். பையனா பெண்ணா என்று அம்மா கேட்கவில்லை. துணியை விலக்கி முதலில் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு காலாக மெதுவாக மடக்கி நீட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.