அம்மனும் பிளாஸ்டிக் ஜட்டியும்

என் எட்டு மாத மகளுக்கு அம்மை போட்டுவிட்டது என்று நான் சத்தியமாக நம்பினேன். தொடையிடுக்கும் பின்புறமும் நெருப்பாகச் சிவந்திருந்தன, தொட்டாலே வீறிட்டாள். உடனே வாசலில் வேப்பிலை கட்டினேன். பேத்தியைப் பார்க்கப் பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த மாமனாரை வாசலிலேயே மறித்தேன்.

"அம்மை போட்டிருக்குங்க மாமா, உள்ள வராதீங்க."

"எட்ட நின்னாவது பாத்துட்டுப் போறேன் மாப்ள" என்று அவர் வெயிலிலேயே நின்றுவிட்டார்.

நான் மாரியம்மனுக்கு ஒவ்வொன்றாக நேர்ந்துகொண்டே போனேன். கிடாய் வரைக்கும் வந்தபோது, கிணற்றில் துணி அலசிவிட்டுத் திரும்பிய என் மனைவி குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆத்தாளுக்கு ஜட்டி போட்ட எடம் மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுதா?"

அப்போதுதான் கவனித்தேன். சிவப்பு, ஜட்டியின் விளிம்போடு நின்றிருந்தது. என் வேட்டி நனையக்கூடாது என்று பெங்களூரிலிருந்து வாங்கி வந்து, பகலெல்லாம் நானே மாட்டிவிட்ட பிளாஸ்டிக் ஜட்டி.

"இப்ப உள்ள வரலாங்களா மாப்ள?" என்றார் மாமனார்.

மனைவி ஜட்டியைக் கழற்றிப் போட்டாள். ஈரமானால் உடனே கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காற்றாட விட்டு, தேங்காய் எண்ணெய் தடவி வந்தாள். நாலைந்து நாளில் புண் ஆறிவிட்டது. அதன் பிறகு தினமும் நனைந்தது என் வேட்டி மட்டுந்தான்.