எல்டர் செடி கருகுன வருசம்

அப்போ அடையாத்துல ஆத்தோரமா ஒரு பங்களாவுல நான் தோட்டக்காரன். பின்னாடி ஒரு ரூம்பு குடுத்திருந்தாங்கோ. நானு, பொஞ்சாதி, கைக்கொழந்த. அந்தப் பக்கமெல்லாம் அன்னிக்குத் தோப்புதான், சாயங்காலம் ஆனா நரி கத்தும். அத்த வுடு.

துரையம்மா வெயிலுக்கு ஊட்டி போவாங்கோ. ஒரு வருசம் வரச்சொல ஈரச்சாக்குல ரெண்டு குச்சி சுத்திக்கினு வந்தாங்கோ. பேரு எல்டராம், அவுங்க ஊர்ல அழகுக்கு வைக்கிறதாம். ஒண்ணு பூட்ச்சு. இன்னொண்ண மாமரத்து நெழல்ல வெச்சு, வேருக்குச் சருகு போட்டு, குளுகுளுன்னு வெச்சிருந்தேன். பொழைச்சிகிச்சு. எல நாவப்பழம் கணக்கா கறுப்பு. கசக்கி மோந்தா எலி செத்த நாத்தம். வேலக்காரங்க யாரும் கிட்ட வரமாட்டாங்கோ.

மார்கழில தட்டு மாதிரி வெள்ளப் பூ வுட்டுது. அத்த சக்கரப்பாகுல எலுமிச்சம்பழத்தோட ஊறவெச்சு சர்பத்து பண்ணச் சொன்னாங்கோ. சமையக்கட்டப் பாத்துக்கிற பட்லருக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு.

"ஆடு கூட மோந்துட்டுப் போவுது. இத்த துரைக்கு நான் கலக்கிக் குடுக்கணுமா? நாளைக்கு எதுனா ஆச்சுன்னா போலீஸு உன்னியா புடிக்கும்?"ன்னான் எங்கிட்ட.

அப்பால பாத்தா எல ஓரமெல்லாம் கருகுது. தண்ணி குறைச்சேன், ஏத்துனேன், எதுக்கும் அசையல. "செடி செத்தா நீ வேற வேல பாத்துக்கோ"ன்னுட்டாங்கோ துரையம்மா. வேல போனா ரூம்பும் போச்சு.

வேர்கிட்ட மண்ணு வெள்ளையா பூத்திருந்துச்சு. நாக்குல வெச்சேன். உப்பு!

உப்பு ஜாடி யார் கைல கீது? பட்லர் கைல. சர்பத்து வேலைக்குப் பயந்துகினு செடிய சாவடிக்கிறான்னு முடிவு பண்ணிட்டேன். அவன் தோட்டத்துப் பக்கம் எச்சி துப்ப வந்தாகூட பின்னாலயே போவேன்.

"இன்னா நைனா, நெழலு மாதிரி வர? எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு கூட இல்லியே!"ன்னு கிண்டல் வேற.

வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கிற நேரம், குரோட்டன்ஸ் பின்னாடி குந்திக்கினு இருந்தேன். கொலுசு சத்தம். பாத்தா எம் பொஞ்சாதி! இடுப்புல கொழந்த, கைல சொம்பு. செடி வேர்ல ஊத்துறா.

"ஏய், இன்னாடி அது?"

"திருஷ்டித் தண்ணி. உப்பு சுத்திக் கரைச்சா கால் படாத எடத்துல ஊத்தணும். இந்த நாத்தச் செடிகிட்ட எவன் கால வெப்பான்?"

"எத்தினி நாளா?"

"வாரா வாரம். புள்ளைக்கு இருமல் நின்னுச்சே, பாக்கல? இது எல்லா கண்ணையும் உறிஞ்சிக்குது. அதான் கறுப்பாவுது."

வேல போவும், வூடு போவும்னேன். "புள்ளைய வுட உனக்கு அந்தச் சனியன் பெர்சா?"ன்னா. கடசீல ஆத்துல ஊத்துறேன்னு ஒத்துகினா, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு.

உப்பு மண்ண வாரிக் கொட்டி, புது மண்ணும் எருவும் போட்டேன். அடில கறுப்பா ஒரு குருத்து வந்துச்சு. துரையம்மா சிரிச்சாங்கோ, வேல பொழைச்சுது.

ஆனா ஆறு அந்தச் செடி கணக்கா கண்ண உறிஞ்சும்னு எம் பொஞ்சாதி நம்பல. புள்ள ஒரு தும்மல் தும்முனா போதும், மொதல்ல அந்தச் செடிய மொறைப்பா, அப்பால என்னிய.