இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்

செல்மர் பெரியப்பாவிடம் இருந்தது வயலுக்குப் போகிற டிராக்டர் இல்லை. புல்வெளிக்கும் காய்கறிப் பாத்திக்குமான சின்ன டிராக்டர். ஒற்றை சிலிண்டர், வயிற்றுக்கு அடியில் புல்வெட்டும் தட்டு. நான் பிறப்பதற்கு முன்பே ஏதோ ஒரு பண்ணை ஏலத்தில் எடுத்தது. மற்றவர்களுக்கு வண்டி ஓடினால் போதும். அவருக்கு அது போன வருஷத்தைவிட நன்றாக ஓட வேண்டும். அமெரிக்காவில் எங்கள் மின்னசோட்டாவின் பனிக்காலம் முழுக்க ஷெட்டில் அதோடுதான் குடித்தனம். ஆடிக்கொண்டிருந்த ஸ்டியரிங்குக்குப் பித்தளையில் புஷ் வளையம் கடைந்து போட்டார். முழங்காலைச் சுட்ட சைலன்சரை மறுபக்கம் திருப்பினார். ஏறுவதற்கு ஒரு படி வைத்துப் பற்றவைத்தார்.

ஓட்டுவது மட்டும் ஆர்டிஸ் பெரியம்மா. எங்கள் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்துக்குப் புல் வெட்டுவது, அவள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அவள் வேலை. மே மாதக் கடைசியில், போரில் செத்தவர்களுக்கான நினைவு நாள் வரும். வெளியூரில் இருக்கிற குடும்பமெல்லாம் பூச்செடியோடு வந்து இறங்கும். அதற்குள் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் புல் மட்டமாக இருக்க வேண்டும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கிய அன்று, அத்தனை பெரிய மண்டபத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தவள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்து வெட்டி எடுத்த வருஷம், தலை சுற்றி வண்டியிலிருந்து சரிந்தாள். வண்டி அவளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தானாகவே போனது. அந்தப் பனிக்காலத்தில் பெரியப்பா இருக்கையின் கீழ் ஒரு சுவிட்ச் வைத்தார். இருக்கை ஒரு ஸ்பிரிங்மேல் நிற்கும். ஆள் உட்கார்ந்தால் அமுங்கி சுவிட்சைத் தொடும். ஆள் விழுந்தால் இருக்கை எழும்பி எஞ்சின் நின்றுவிடும்.

புதுசாக வாங்குகிற வண்டிகளிலேயே இந்த சுவிட்ச் உண்டு. எங்கள் ஊரில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஒயரைச் சேர்த்து முறுக்கிச் செயலிழக்க வைத்துவிடுவார்கள். காப்பிக் கடையில் டுவேன் கேட்டார்: "நாங்க அதைப் பிடுங்கிப் போடறோம். நீ அது இல்லாத வண்டிக்குத் தேடிப்போயி மாட்டறியே, என்னய்யா உனக்கு?"

"உன் பொண்டாட்டி உன்னைத் தள்ளிவிடற அன்னிக்கு நீயும் மாட்டுவே" என்றார் பெரியப்பா.

டுவேன்தான் சர்ச் கமிட்டித் தலைவர். அவருடைய மகன் புது மாதிரிப் பெரிய புல்வெட்டி வாங்கியிருந்தான். "ஆர்டிஸுக்கு வயசாகுது, கல்லறைத் தோட்டத்தை அவன்கிட்ட விட்டுடலாமே" என்று கமிட்டியில் இரண்டு தடவை பேச்சு வந்தது. பெரியம்மா காதுக்கும் எட்டியது. "என்னால முடியலைன்னா நானே சொல்லுவேன். அதுவரைக்கும் அவன் அவங்கப்பன் வீட்டுப் புல்லை வெட்டட்டும்" என்றாள்.

போன வருஷம் மே மாதம் வண்டி நிற்க ஆரம்பித்தது. கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் பழைய குழிகள் அமுங்கி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அங்கே போனால் எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். பெரியப்பா வந்து ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது.

"எனக்கு நிக்கல, உனக்குத்தான் நிக்குது. நீ என்ன பண்றே அதை?"

"கொஞ்சறேன். உனக்கென்ன?"

பிளக்கை மாற்றினார். கண்டென்சரை மாற்றினார். பெட்ரோல் டியூபைக் கழற்றி ஊதினார். புது இக்னிஷன் காயிலை வரவழைத்துப் போட்டார். அவருக்கு நிற்கவே இல்லை. அவளுக்கு நின்றது. நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அந்த சுவிட்சைப் பிடுங்கி எறியேன்" என்றாள் பெரியம்மா.

"சுவிட்சு நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டுமே. பிடுங்கு."

அவள் இதுவரை எந்த ரிப்பேருக்கும் யோசனை சொன்னவள் இல்லை. பெரியப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷெட்டில், நானும் கூட நிற்க, அவளை வண்டிமேல் உட்காரச் சொல்லி, சுவிட்சின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன பல்பைக் கோத்துக்கொண்டு கீழே குனிந்தார். பல்பு எரிந்தது. அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். அணைந்தது. இருக்கையைத் தன் கையால் அழுத்தினார். எரிந்தது. கையை எடுத்தார். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள், பல்பு விட்டுவிட்டு எரிந்தது.

அந்த ஸ்பிரிங்கை அவள் எடைக்குப் பார்த்துப் பொறுக்கியவர் அவரேதான். இப்போது அதை அமுக்க அவள் எடை போதவில்லை. மே மாத வெயிலிலும் அவள் அவருடைய பழைய கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் திரிந்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பெரியப்பா குனிந்தபடியே கேட்டார். "எப்பலேருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"டாக்டரு?"

"பார்த்துட்டாரு. மறுபடியும் வந்திருக்கு. இந்தத் தடவை வெட்டி எடுக்க முடியாதாம்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன ஆர்டிஸ்?"

"சொல்லியிருந்தா என் மூஞ்சியையே பார்த்துட்டு உக்காந்திருப்பே. வண்டியைப் பாரு."

நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பெரியப்பா ஸ்பிரிங் டப்பாவைத் தரையில் கொட்டினார். ஒன்றை எடுத்து மாட்டி, அவளை உட்காரச் சொல்லிப் பார்த்தார். போதவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தார். அதுவும் போதவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் இறங்கி ஏற அவர் கை கொடுத்தார். கடைசியில் பல்பு அணையாமல் எரிந்தபோது அவர் மாட்டியிருந்த ஸ்பிரிங் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

நினைவு நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெரியம்மா வெட்டினாள். கற்களின் ஓரத்தை நான் கைமிஷினால் வெட்டிக்கொண்டு வந்தேன். பெரியப்பா வர்ணம் தேவைப்படாத கேட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பின்பக்க மேடுபள்ளமெல்லாம் வண்டி நிற்காமல் தாண்டியது. பாதித் தோட்டம் முடிந்திருக்கும், எஞ்சின் அணைந்தது. பெரியப்பா பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினார்.

பெரியம்மாவின் கை சாவியில் இருந்தது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. நான்தான் அணைச்சேன்" என்றாள். "முடியல, செல்மர்."

அதே நேரம் கமிட்டிக்காரர்களின் பிக்கப் வந்து நின்றது. சிப்பாய்களின் கல்லறைகளில் ஊன்றுவதற்குச் சின்னக் கொடிகள் கொண்டுவந்திருந்தார்கள். பெரியம்மா அவசரமாகச் சொன்னாள்: "பெல்ட் அறுந்துடுச்சுன்னு சொல்லு."

தன் வண்டி நின்றது என்று பெரியப்பா யாரிடமும் ஒருநாளும் சொன்னதில்லை.

டுவேன் வரும்போதே சிரித்தார். "என்ன, மகாராணி வண்டி படுத்துடுச்சா?"

"பெல்ட்டு அறுந்துடுச்சு" என்றார் பெரியப்பா. "பழசு. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

"நீயா? பார்க்காம விட்டியா?" டுவேன் பின்னால் திரும்பி மற்றவர்களைக் கூப்பிட்டார். "ஏய், கேட்டீங்களா, செல்மர் வண்டி..." சொல்லிக்கொண்டே குனிந்து தட்டுக்குக் கீழே பார்த்தார். எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கிற பெல்ட் கிண்ணென்று இறுக்கமாக இருந்தது. நிமிர்ந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஆமா, அறுந்துதான் போச்சு" என்றார் உரக்க. "மீதியை என் பையன் வெட்டட்டும் ஆர்டிஸ். இந்த ஒரு தடவை. வண்டி சரியானதும் நீயே வந்து வெட்டு."

"நான் வெட்டற மாதிரி வெட்டச் சொல்லு. குறுக்கால ஓட்டக் கூடாது."

"சொல்றேன்."

பெல்ட் அறுந்த வண்டியை எல்லோர் கண் முன்னாலும் எப்படி ஓட்டிக்கொண்டு போவது? கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுப் பெரியப்பா பின்னாலிருந்து தள்ளினார். பெரியம்மா இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். நானும் தோள் கொடுக்கப் போனேன். அவர் தலையசைத்து வேண்டாம் என்றார். சோளம் முளைவிட்டிருந்த வயலோரமாக வண்டி மெல்லப் போனது.

ஆகஸ்டில் அவள் போய்விட்டாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு அவர்கள் வீட்டுப் பாதை வந்ததும் பெரியம்மா ஸ்டியரிங்கை ஒடிக்கப் பார்த்தாள். பெரியப்பா, "நேரா விடு" என்றார். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. முதுகு நனைய, மூச்சு வாங்க, வீட்டைத் தாண்டி அந்த ரோட்டிலேயே அவளைத் தள்ளிக்கொண்டு போனார்.