நாற்பத்தேழாம் பக்கம்

கல்வித் துறையில் அவளைக் கிளிக்கம்மா என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள் பயிற்சியில் "இங்க ஒரு கிளிக், அப்புறம் இங்க ஒரு கிளிக்" என்று எத்தனை தடவை சொல்கிறாள் என்று கடைசி வரிசையில் யாரோ கோடு போட்டு எண்ணியதில் இருநூற்றுப் பதினாறு வந்ததாம். அது அவள் காதுக்கும் எட்டியது. கோபம் வரவில்லை. பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு நாமும் ஒரு ஆளாகிவிட்டோம் என்று உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. அவள் கணக்கு டீச்சர். அவள் வேலை பார்த்த பள்ளிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து, தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்திய சிலை மாதிரி மூன்று மாதம் இருந்தபோது, துணியை விலக்கி ஸ்விட்சைப் போட்டவள் அவள்தான். அதற்கப்புறம் மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு என்று கம்ப்யூட்டரில் எதுவானாலும் "டீச்சரைக் கூப்பிடு" என்றானது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளோடு நடக்கும் தேர்வைத் துறை ஆன்லைனுக்கு மாற்றியபோது, மாவட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளை இழுத்துக்கொண்டார்கள். அவளிடம் கற்றுக்கொண்டு போகிறவர்கள் தங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்குச் சொல்லித் தர வேண்டும். எட்டு வருஷமாக அதுதான் வேலை.

அவளிடம் ஒரு குறை உண்டு. "தெரியாது" என்ற சொல் அவள் வாயில் வராது. வீட்டில்கூட அப்படித்தான். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடியின் பவரைப் பற்றி யாராவது கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். "நீயே கடையில உட்காரேன், நான் போய்ப் பாடம் எடுக்கறேன்" என்பார் அவர். சிரிப்பாள். ஆனால் திருந்த மாட்டாள்.

அந்த வருஷம் தேர்வுக்குப் புது மென்பொருள். அறுபத்திரண்டு பக்கக் கையேடு பயிற்சிக்கு முந்தின நாள் மதியம்தான் கையில் வந்தது. நாற்பது பக்கம் வரை வரி விடாமல் படித்தாள். மிச்சம் முழுக்கக் கோளாறு வந்தால் என்ன செய்வது என்ற பகுதி. போன வருஷம் இருந்ததுதானே இருக்கும் என்று மூடி வைத்தாள்.

பயிற்சிக் கூடத்தில் இருபத்தெட்டுக் கம்ப்யூட்டர்கள், இருபத்தெட்டு ஒருங்கிணைப்பாளர்கள். மூன்று மவுஸ் நகரவே நகராது. அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தாள். மாதிரித் தேர்வைத் திறப்பது, மாணவர் பட்டியலை ஏற்றுவது, பாஸ்வேர்ட் கொடுப்பது என்று மதியம் வரை வண்டி ஓட்டமாக ஓடியது. இரண்டாம் வரிசையில் ஒருவர் மட்டும் கம்ப்யூட்டரைத் தொடாமல் கோடு போட்ட நீள நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வயது இருக்கும். விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அவர் மாவட்டத்தில் இந்தப் பொறுப்பை எடுக்க யாரும் முன்வராததால், மறுக்கத் தெரியாத அவர் தலையில் கட்டிவிட்டார்கள். எல்லோரும் அவரை விசில் மாஸ்டர் என்றார்கள்.

மூன்று மணி வாக்கில் அவர் கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். பிள்ளைங்க எழுதிட்டு இருக்கறப்போ நடுவுல நெட் போயிடுச்சுன்னா என்ன பண்றது?"

அதே சந்தேகம் அவளுக்கும் இருந்தது. ஒரு வாரம் முன்னால் மென்பொருள்காரர்களோடு நடந்த கூட்டத்தில் கேட்க வாயெடுத்தாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் புரிந்தமாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் மட்டும் ஏன் மக்கு ஆக வேண்டும் என்று மென்று விழுங்கிவிட்டாள்.

"என்ன மாஸ்டர், நெட் போனா விசில் ஊதிக் கூப்பிட்டுக்கலாம்னு பார்க்கறீங்களா?"

கூடம் கொல்லென்று சிரித்தது. பின்னால் ஒருவர் விசில் அடித்தே காட்டினார். மாஸ்டரும் சிரித்தார், ஆனால் அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகாது மாஸ்டர். மூடிட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்க. எழுதினதெல்லாம் அதுவா சேவ் ஆகியிருக்கும்."

"மூடிட்டுத் திறக்கணும். அப்படித்தானே மேடம்?"

"அப்படியேதான். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். அவள் திரையில் அடுத்த படத்துக்குப் போனாள்.

தேர்வின் மூன்றாம் நாள், காலை பதினோரு மணிக்கு, மாஸ்டரின் மாவட்டத்தில் பதினான்கு பள்ளிகளில் இணைப்பு அறுந்தது. எப்படியும் அரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் திரையில் சிவப்பாக ஏதோ எழுத்து வந்ததும் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிகளிலிருந்து மாஸ்டருக்குப் போன் மேல் போன். உதவி எண்ணுக்கு அடித்துப் பார்த்தார்; கிடைக்கவில்லை. நோட்டைப் புரட்டினார். அதில் இருந்ததைச் சொன்னார்: மூடிட்டு மறுபடி திறங்க.

புது மென்பொருள் அப்படி இல்லை. இணைப்பு இல்லாத நேரத்தில் பிள்ளை எழுதுவதெல்லாம் திரையில் திறந்திருக்கும் அந்த ஜன்னலுக்குள் மட்டும் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் தானாகப் போய்ச் சேரும். மூடினால் போச்சு. மூடக் கூடாது என்று நாற்பத்தேழாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று பிள்ளைகள் எழுதியது ஒரு எழுத்து மிச்சமில்லாமல் அழிந்தது.

செய்தி வந்தபோது அவள் அலுவலகத்தில் இருந்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நாற்பத்தேழாம் பக்கம் புதுக் காகித மணத்தோடு, ஒரு மடிப்பும் விழாமல் இருந்தது.

மறுநாள் இணை இயக்குநர் அறையில் விசாரணை. இணை இயக்குநர் குரலை உயர்த்தாத மனிதர். மாஸ்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மாஸ்டரின் மடியில் அந்த நீள நோட்டு.

"மூடக் கூடாதுங்கறது பயிற்சியில சொல்லப்பட்டதாம்மா?" என்று அவளைத்தான் முதலில் கேட்டார்.

"நாற்பத்தேழாம் பக்கத்துல இருக்கு சார். கையேடு எல்லாருக்கும் குடுத்தாச்சு. வாங்கினதுக்குக் கையெழுத்தும் இருக்கு."

சொன்னது ஒவ்வொரு சொல்லும் நிஜம். அதை வீட்டிலிருந்து வரும் வழியிலேயே யோசித்து, ஒரு சொல்லும் பொய்யாகாதபடி அடுக்கி வைத்திருந்தாள் என்பதுதான் பிற்பாடு அவளைத் தின்றது.

இணை இயக்குநர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். இப்போது நோட்டைத் திறப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். மாஸ்டர் அவளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம், "நான் அந்தப் பக்கத்தைப் படிக்கலை சார். என் தப்புதான்" என்றார். நோட்டின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

மாஸ்டரைக் கண்டித்துக் குறிப்பாணை கொடுத்தார்கள். அது பணிப் பதிவேட்டில் ஏறியது. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருக்கையில் பொறுப்பைப் பிடுங்கிப் பள்ளிக்கே திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் மறுபடி தேர்வு எழுதினார்கள். விஷயம் முடிந்தது என்றார்கள்.

அவளுக்கு முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள். "உடம்புக்கு என்ன?" என்று கணவர் கேட்டால், "ஒண்ணுமில்லை, வேலை" என்பாள். மாஸ்டர் மாட்டிவிட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மறுத்திருக்கலாம், அழுதிருக்கலாம். காப்பாற்றிவிட்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடுத்த பயிற்சி, வாரம் ஒரு நாளாக நான்கு வாரம். இணை இயக்குநர் கூப்பிட்டு, "நடந்ததை ஒரு உதாரணமா வைங்கம்மா. கையேட்டைப் படிக்கலைன்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் உறைக்கட்டும்" என்றார். முடியாது என்று சொல்ல அவளுக்கு நூறு வழி இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "சரி சார்" என்றாள். உட்கார்ந்து படம் தயார் செய்தாள். மாவட்டத்தின் பெயர் போடவில்லை, எண்ணிக்கை மட்டும் போட்டாள். அதை ஏதோ பெரிய மனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் படம் திரையில் வந்ததும் ஒருவர், "யாரு மேடம், நம்ம விசில் மாஸ்டரா?" என்றார். கூடம் சிரித்தது. அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது. அவளும் உதட்டை லேசாக இழுத்துச் சிரித்து வைத்து, அடுத்த படத்துக்குப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே சுருக்கென்று தைத்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். மாஸ்டர் மைதானத்தில் குனிந்து வெள்ளைப் பொடியால் ஓட்டப் பாதைக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பொடி ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க மேடம். வெயில்ல நிக்கறீங்களே. அந்தப் பக்கம் நிழல் இருக்கு."

"இருக்கட்டும் மாஸ்டர்." அதற்கு மேல் ஒத்திகை பார்த்து வந்த ஒன்றும் வாயில் வரவில்லை. "நோட்டை ஏன் காட்டலை?" என்றுதான் வந்தது.

அவர் பொடி டப்பாவைக் கீழே வைத்தார்.

"காட்டத்தான் கொண்டு வந்தேன். நீங்க பக்க நம்பரைச் சொன்னீங்களே, அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் நோட்டைத் திறந்தா, 'அப்படிச் சொல்லவே இல்லை'ன்னு அடுத்ததாச் சொல்லுவீங்க. அதையும் உட்கார்ந்து கேட்கணுமான்னு இருந்துச்சு. பெருந்தன்மைன்னு நினைச்சுடாதீங்க மேடம்."

அவள் இத்தனை நாள் அதைப் பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தாள். மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"சொல்லியிருப்பேன் மாஸ்டர்" என்றாள். "அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"நானும் படிச்சிருக்கணும். அதுல எனக்கும் பங்கு இருக்கு."

"இணை இயக்குநருக்கு எழுதிக் குடுக்கறேன். நான்தான் தப்பாச் சொன்னேன்னு."

"எழுதுங்க. அது உங்க இஷ்டம்." அவர் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டார். "நான் கேட்கறது வேற. அந்த ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்களே மேடம். அன்னிக்கு ஒரு தடவை. நேத்தும் சிரிச்சாங்களாமே, போன் பண்ணிச் சொன்னாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. முப்பது வருஷமா மைதானத்துல நிக்கறவன், சந்தேகம் கேட்டதுக்குச் சிரிச்சா எனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு நினைப்பீங்க. குறைஞ்சுதான் போச்சு."

கடிதத்தை அன்று மாலையே எழுதினாள். மறுநாள் இணை இயக்குநர் அதைப் படித்துவிட்டு மடித்து அவள் பக்கமே நகர்த்தினார். "ஆறிப்போன விஷயம். ஏம்மா கிளறறீங்க? வாங்கிட்டுப் போங்க." அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் விடவில்லை. அதை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, எண் போட்டு, முத்திரை குத்தி வாங்கிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

பயிற்சியின் கடைசி நாள் பழைய ஆட்கள் பெரும்பாலும் வந்திருந்தார்கள். பாஸ்வேர்ட் பாடம் முடிந்ததும் அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்: நெட் போனால் என்ன செய்வது என்று மாஸ்டர் கேட்டது சரியான கேள்வி. பதில் எனக்குத் தெரியாது. தெரியாததை மறைக்க அவரைக் கிண்டல் பண்ணினேன். நான் சொன்னதைத்தான் அவர் செய்தார். விசாரணையிலும் நான் அதைச் சொல்லவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய பயிற்சியில் விசில் அடித்துக் காட்டியவர் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். தேநீர் இடைவேளையில் அவள் பக்கத்தில் வந்து நிற்க ஆளில்லை. பிஸ்கட் தட்டை நீட்டிய அலுவலக உதவியாளர்கூட முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். பாரம் இறங்கிவிடும் என்று எண்ணித்தான் போனாள். இறங்கவில்லை. இதுவரை அவளுக்கு மட்டும் தெரிந்தது, இப்போது எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

பயிற்சிப் பொறுப்பிலிருந்து அவளை விடுவித்தார்கள். பள்ளிக்குப் போனாள், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. கோப்பு மேஜை மேஜையாக ஐந்து மாதம் சுற்றியது. கடைசியில் மாஸ்டரின் குறிப்பாணையை ரத்து செய்து இரண்டு வரியில் ஆணை வந்தது. அதன் நகல் அவளுக்கும் ஒன்று.

நகலை வைத்துக்கொண்டு அவருக்குப் போன் செய்யலாமா என்று இரண்டு நாள் தவித்தாள். "பண்ணேன்" என்றார் கணவர். "என்னன்னு பண்றது?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் மதியம், ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவரே அழைத்தார்.

"ஆர்டர் வந்துடுச்சு மேடம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"சரி மாஸ்டர்."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. "அடுத்த பீரியடு இருக்கு, வெச்சுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர், "யாரு அக்கா போன்ல?" என்று கேட்டாள்.

"நான் பேரைக் கெடுத்த ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு, கிளிக்கம்மா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த தாளைப் பிரித்தாள்.